சுவின் பஞ்சின் நீளத்தைச் சாதாரணப் பருத்திக்குக் கொண்டுவர முடியாதா?

நூற்பாலை_ராஜபாளையம்

எல்லோருக்கும் வணக்கம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிழைப்பு 100, 120 கவுண்ட் நூலில்தான் (கவுண்ட் எண் கூடக்கூட நூல் மெல்லிசு). அதற்கு வாங்கும் பஞ்சில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது: எகிப்து கிஸா, இல்லாவிட்டால் அமெரிக்கப் பிமா. உள்நாட்டில் கைக்குக் கிடைப்பது டி.சி.எச். 32 என்ற ஹைபிரிட் பருத்தி. அது லாட்டுக்கு லாட் குணம் மாறும். கடைசியாக வந்த லாட்டில் இழையை அளக்கும் ஹெச்.வி.ஐ. மெஷின் 34 மி.மீ. நீளம் காட்டியது, சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மைக்ரோனேர் (இழையின் மெல்லிசையும் முதிர்ச்சியையும் காட்டும் எண்) 2.8 என்று ரொம்பக் குறைவாக வந்து நின்றது. பஞ்சைச் சீவும் கார்டிங்கில் நெப் (இழைச் சிக்கு முடிச்சு) கொட்டுகிறது, சாயம் போட்ட துணியில் வெள்ளைப் புள்ளி என்று பார்ட்டி போன் மேல் போன்.

என் கேள்வி இதுதான். 2015லேயே பருத்தியின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் நம்மூர் மிக நீண்ட இழை ரகமான சுவினிலோ, பிமாவிலோ நீளத்துக்கு எந்த ஜீன் காரணம் என்று பார்த்து, பி.டி. ஜீனை வைத்த மாதிரி நம்மூர் ஹைபிரிடில் வைத்துவிட்டால் கதை முடிந்ததே? எங்கே இடிக்கிறது?

கூடவே ஒன்று. சேலம் ஆத்தூர் பக்கம் மச்சானுக்கு இறவை நிலம் இருக்கிறது. சுவின் போடட்டுமா என்று கேட்கிறான். என்ன சொல்லலாம்?

கமிஷன்_கடை

ஜீன் கிடக்கட்டும் சார். மண்டியில் விவசாயிக்குக் குவிண்டால் கணக்கில்தான் காசு. 29 மி.மீ. பஞ்சும் 31 மி.மீ. பஞ்சும் ஒரே குவியலில் கிடக்கும், ஏலம் கூறுபவர் கையால் ஒரு பிடி பிடித்துப் பார்த்து ஈரத்துக்கும் தூசிக்கும் விலை குறைப்பார். நீளத்துக்குத் தனியாகப் பைசா தராத ஊரில் நீளமான பஞ்சை யார் விளைவிப்பார்கள்?

சிவப்புக்_காகிதம்

கமிஷன் கடைக்காரர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். மீதி செடிக்குள்ளேயே இருக்கிறது. நான் கோவையில் பருத்தி ரக ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

பி.டி.யை உதாரணமாக எடுக்காதீர்கள். அது ஒரு பாக்டீரியாவின் ஜீன். அது செய்யும் புரதம் காய்ப்புழுவின் குடலைக் கெடுக்கிறது. செடியில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால்தான் 2002ல் அனுமதி கிடைத்ததும் சட்டென்று நாடு முழுக்கப் பரவ முடிந்தது. இழைக்கு அது நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை.

இழை வேறு விஷயம். உங்கள் மெஷினில் வைக்கும் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். பூ விரிகிற அன்றே விதைத்தோலின் மேற்பரப்புச் செல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வெளியே நீள ஆரம்பிக்கிறது. ஒரு விதையில் பத்தாயிரத்துக்கும் மேல். முதல் மூன்று வாரம் நீளும். அந்த நாட்களில் செல்லுக்குள் தண்ணீர் அழுத்தம்தான் எல்லாம். தண்ணீர் வாடினாலோ சாம்பல் சத்து குறைந்தாலோ நீளம் போச்சு. மூன்றாவது வாரத்துக்குப் பக்கத்தில் அடுத்த கட்டம் தொடங்கும். உட்புறமாக செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிந்து சுவர் தடிக்கும். காய் வெடிக்கிற வரை, அதாவது ஏழு வாரம் வரைக்கும் இந்த வேலை நடக்கும். உங்கள் லாட்டில் முதல் கட்டம் நன்றாக நடந்திருக்கிறது, அதனால் 34. இரண்டாம் கட்டம் பாதியில் நின்றிருக்கிறது, அதனால் 2.8. சுவர் தடிக்காத இழை தட்டையாக மடங்கிச் சுருண்டுகொள்ளும், அதுதான் நெப். சாயத்தையும் பிடிக்காது.

ஆக, நீளத்துக்கு ஒரு கூட்டம் ஜீன், சுவருக்கு வேறொரு கூட்டம், எப்போது முதல் வேலையை நிறுத்தி இரண்டாவதை ஆரம்பிப்பது என்பதற்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் தள்ளும். எடுத்து வைக்க "நீள ஜீன்" என்று ஒன்று கிடையாது.

அந்த ஜீன்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தபோது ஒரு வேடிக்கை வெளியே வந்தது. நாம் பயிரிடும் அமெரிக்கப் பருத்தியான ஹிர்சூட்டம், சுவின் வகையான பார்படென்ஸ் இரண்டுமே பழைய காலத்தில் இரண்டு இனங்கள் சேர்ந்து உருவானவை. பத்து லட்சம் வருடத்துக்கும் முந்திய சங்கதி அது. ஒரு பக்கம் நம் கருங்கண்ணி, உப்பம் பருத்திகளின் வம்சம். அதில் நூற்கிற மாதிரி பஞ்சு உண்டு. மறுபக்கம் பெரு நாட்டுக் காட்டுப் பருத்தியின் வம்சம். அதன் விதையில் நூற்க எதுவும் தேறாது, வெறும் குறுமயிர்தான். இழைக் குணத்துக்கான ஜீன்கள் எல்லாம் பஞ்சு கொடுத்த பக்கத்தில்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். 1998ல் அமெரிக்காவில் குரோமோசோம் குரோமோசோமாகத் தேடியபோது, பல இடங்கள் அந்தப் பஞ்சில்லாத பக்கத்தில் கிடைத்தன. இதற்கு முன்பே 1940ல் பீஸ்லி என்பவர் டெக்ஸாஸில் ஆர்போரியத்தையும் (நம் கருங்கண்ணியின் இனம்) தர்பெரி என்ற காட்டு இனத்தையும் கலந்து, கால்சிசின் மருந்தால் குரோமோசோமை இரட்டிப்பாக்கி, அதை ஹிர்சூட்டத்தோடு சேர்த்தார். அந்தக் காட்டுச் செடியிலும் பஞ்சு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கலப்பின் வம்சத்தை வைத்துத் தென் கரோலினாவில் வளர்த்த பீடீ வரிசைகள் இழை வலிமைக்குப் பேர்பெற்றவை. செடியைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, பார்படென்ஸையும் ஹிர்சூட்டத்தையும் நேரே கலந்தால்? கலந்தார்கள். 1972ல் தார்வாட்டில் கட்டர்கி கொண்டுவந்த வரலட்சுமி அப்படித்தான் வந்தது, 1981ல் வந்த உங்கள் டி.சி.எச். 32ம் அப்படித்தான். முதல் தலைமுறை ஆள் உயரத்துக்கு நிற்கும், நீளம் அருமையாக இருக்கும். அதன் விதையை எடுத்து விதைத்துப் பாருங்கள்: ஒரு செடி தாய் மாதிரி, ஒரு செடி தகப்பன் மாதிரி, நடுவில் கிடப்பதெல்லாம் மலட்டுச் செடி, குட்டைச் செடி, காய் பிடிக்காத செடி. இரண்டு நல்ல குணத்தையும் ஒன்றில் நிறுத்திக் காட்டு என்றால் நிற்காது. அதனால் ஒவ்வொரு வருடமும் கையால் கிராஸ் பண்ணித்தான் விதை.

அந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? சாயங்காலம் மூன்று மணிக்கு மேல், மறுநாள் விரியப்போகும் மொட்டாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை அடியில் பதித்து ஒரு சுற்று ஓட்டினால் இதழும் உள்ளே மகரந்தக் குழாயும் ஒரே துண்டாகக் கழன்று வந்துவிடும். சூல்தண்டு மட்டும் நிற்கும். நகம் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் சூலகம் காயப்பட்டு இரண்டு நாளில் உதிரும். கழற்றியதும் சிவப்புக் காகிதப் பொட்டலம் மாட்ட வேண்டும். காலையில் பச்சைக் காட்டில் அது பளிச்சென்று தெரியும், தேட வேண்டியதில்லை. ஆண் செடிப் பூவைப் பறித்துச் சூல்முடியில் தடவிவிட்டு, நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

சுவினை நீங்கள் உதாரணம் காட்டினீர்கள். அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கோவையில் டாக்டர் சந்தானம் 1974ல் அதை வெளியிட்டார். தாய் சுஜாதா, எகிப்தின் கர்னக்கிலிருந்து தேர்ந்தெடுத்தது. தகப்பன் மேற்கிந்தியத் தீவான செயின்ட் வின்சென்ட்டின் ஸீ ஐலண்ட் பருத்தி. இரண்டுமே பார்படென்ஸ். இனத்தைத் தாண்டவே இல்லை அவர். அதனால்தான் 38 மி.மீ.க்கு மேல் நீளமும் மெல்லிசும் ஒரே ரகத்தில் நிலைத்தன, ஹைபிரிட் இல்லாமலேயே. அதே மாதிரி 1968ன் எம்.சி.யு. 5 ரகம், ஹிர்சூட்டத்துக்குள்ளேயே பல ரகங்களைக் கலந்து எடுத்தது. நீண்ட இழைக்கு அதைத் தேடி வாங்கிய மில்கள் எத்தனை!

இதெல்லாம் மரபணுத் தொகுப்பு தெரிவதற்கு முந்திய வேலை. எங்களிடம் இருந்தது சீப்பு. சுளையிலிருந்து ஒரே ஒரு கொட்டையைப் பிரித்து, நடுவில் வகிடு எடுத்து, இழை அறுந்துவிடாமல் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடிவரை வாருவோம். கொட்டை நடுவில் இருக்க, இரண்டு பக்கமும் பஞ்சு வண்ணத்துப்பூச்சி இறகு போல விரியும். அதன் மேல் ஸ்கேலை வைத்து அளவு எழுதிக்கொண்டு, குறைந்த செடியைக் கழிப்போம். நீளம் பெருமளவு வம்ச குணம் என்பதால் இந்தச் சீப்புக் கணக்கே நிறைய தூரம் கொண்டுபோனது.

இப்போது கமிஷன் கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். மில்லுக்கு மெல்லிய இழை வேண்டும். மெல்லிசு என்றால் என்ன? ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு எடை குறைவு. நூலின் குறுக்கே அதிக இழை நிற்கும், 120 கவுண்ட் ஓடும். ஆனால் அதே விதையில் அதே எண்ணிக்கை இழை இருந்தால் தராசில் பஞ்சு குறையும். சாதாரண ஹிர்சூட்டத்தில் 100 கிலோ பருத்தியை ஜின் பண்ணினால், அதாவது கொட்டையைப் பிரித்தால், 34, 35 கிலோ பஞ்சு வரும், சுவினில் 30 கிலோகூடத் தேறாது. நீங்கள் தேடுகிற குணமே விவசாயியின் தராசில் நஷ்டமாகத் தெரிகிறது. அதைத் தவிர, மகசூல் ஜீன்களும் வலிமை ஜீன்களும் குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நல்லது ஒன்றை இழுத்தால் அது பக்கத்துக் கெட்டதையும் கூட்டிக்கொண்டு வருகிற தொல்லை. தென் கரோலினாக்காரர்கள் அந்தப் பிணைப்பை உடைக்கவே பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பக் கலந்தார்கள். எல்லா ஜீனையும் படித்துவிட்டாலும் தராசு மாறாது.

நூற்பாலை_ராஜபாளையம்

அண்ணாச்சி, மைக்ரோனேரை தினம் பார்க்கிறேன், அது விவசாயியின் தராசில் எப்படிப் படும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்படியானால் ஜீன் எடிட்டிங் என்று இப்போது பேசுகிறார்களே, அதுவும் உதவாதா?

ஆய்வுக்கூட_மாணவி

பருத்தி மூலக்கூறு மரபியலில் ஆராய்ச்சி செய்கிறேன். ஐயா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் சீப்பு போதும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சீப்பால் வாரிப் பார்க்கக் காய் வெடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். மார்க்கர் (ஒரு குணத்தோடு சேர்ந்து வரும் டி.என்.ஏ. அடையாளம்) இருந்தால் இரண்டு இலை நாற்றிலேயே ஒரு துளி இலையை எடுத்து, தேவையில்லாததைக் கழித்துவிடலாம். 2015ல் வந்த 63 ஆயிரம் மார்க்கர் கொண்ட சிப் மூலம் முழுக் குரோமோசோமையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியும்.

உதாரணத்துக்கு, அமெரிக்காவில் 11 ஹிர்சூட்டம் ரகங்களை ஒன்றோடு ஒன்று கலந்து கலந்து 550 தூய வரிசைகள் எடுத்தார்கள். அவற்றின் இழையை அளந்து ஜீன் வரிசையோடு ஒப்பிட்டபோது, ஏ07 என்ற குரோமோசோமில் ஒரு பகுதி நீளத்தோடும் வலிமையோடும் சேர்ந்து நிற்பது தெரிந்தது. பார்படென்ஸைத் தொடாமல், ஹிர்சூட்டத்துக்குள்ளேயே கிடைத்த ஆதாயம் இது. இனம் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றாலும் ஒரு வழி இருக்கிறது: ஹிர்சூட்டத்தில் ஒரே ஒரு ஜோடி குரோமோசோமை மட்டும் பார்படென்ஸிலிருந்து மாற்றி வைத்த வரிசைகளை அமெரிக்காவில் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். முழுக் கலப்பின் மலட்டுத்தனம் அதில் இல்லை.

எடிட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். இன்று சுலபமாகச் செய்ய முடிவது ஒரு ஜீனை அணைப்பது. இழையில் நமக்குத் தெரிந்த முக்கிய ஜீன்கள் பலவற்றை அணைத்தால் மோசமாகிறது. மிப்25 லைக் என்ற ஜீனை அடக்கிய ஆஸ்திரேலியச் செடிகளில் கொட்டை மொட்டையாக வந்தது. நமக்கு வேண்டியதோ, சரியான நாளில், சரியான செல்லில், கொஞ்சம் கூட்டுவது. அது கஷ்டம். பருத்தியில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த இரட்டை என்பதால் இரண்டையும் தொட வேண்டியிருக்கும். அப்புறம், திசு வளர்ப்பில் ஒத்துழைக்கும் ரகங்கள் கோக்கர் 312 மாதிரி வெகு சில. அதில் செய்து முடித்துவிட்டு, நம் ரகத்துக்குத் திரும்பத் திரும்பக் கலந்து மாற்ற வேண்டும்.

முடியாது என்று அர்த்தமில்லை. 2011ல் சீனாவில், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் பாக்டீரியா ஜீன் ஒன்றை, இழை முளைக்கும் சமயத்தில் விதைத்தோலில் மட்டும் வேலை செய்யும்படி வைத்தார்கள். வயல் சோதனையில் பஞ்சு 15 சதவீதத்துக்கு மேல் கூடியது, இழையும் மெல்லிசானது. ஐயா சொன்ன தராசுக் கணக்கு இங்கே உடைகிறது பாருங்கள்: ஒவ்வொரு இழையும் எடை குறைந்தாலும், விதைக்கு இழை எண்ணிக்கை கூடினால் ஈடுகட்டும். ஆனால் அது வெளி ஜீன் வைத்த செடி, பி.டி. போல முழு அனுமதி நடைமுறை வேண்டும். வெளி ஜீன் மிஞ்சாத எடிட்டிங்குக்கு இந்தியாவில் 2022ல் விதியைத் தளர்த்தினார்கள்.

ஆத்தூர்_காட்டுக்காரன்

சுவின் போட்டவன் பேசறேங்க. உங்க மச்சானுக்கு நேரா சொல்லிடுங்க: வாங்கறவன் யாருன்னு தெரியாம விதையைக் கையில் எடுக்க வேண்டாம். ஆறு மாசத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும். அதே நிலத்தில் மக்காச்சோளம் போட்டால் அதுக்குள்ள எடுத்து வித்திருப்பான். மரவள்ளி அதைவிட நாள் பிடிக்கும், ஆனா சேகோ ஆலை பக்கத்திலேயே இருக்கு, ஆள் வேலையும் கம்மி. சுவின் காய் சின்னது, மூணே அறை. ஹைபிரிடில் ஒரு காய்க்கு எடுக்கிற பஞ்சுக்கு இதில் ரெண்டு காய் தொடணும். எடுக்கிற கூலி கிலோவுக்கு என்று பேசினால் ஆள் வராது, நாள் கூலிதான். எங்களுக்கு விதை கொடுத்து வாங்கிக்கிறேன்னு வாயால் சொன்ன ஒரு மில், அறுவடை நேரத்தில் வெளிநாட்டுப் பஞ்சு விலை இறங்கினதும் போனை எடுக்கலை. மற்ற பருத்தி விலைக்கு மண்டியில் தள்ளினோம்.

இன்னொண்ணு, பக்கத்துக் காட்டில் ஹைபிரிட் நின்றால் தேனீ மகரந்தம் கொண்டுவந்து நம்ம பஞ்சைக் கெடுத்துடும்.

சிவப்புக்_காகிதம்

காட்டுக்காரரே, கடைசி வரி மட்டும் சரியில்லை, மற்றதெல்லாம் பொன்னெழுத்தில் எழுத வேண்டியது. பஞ்சு விதைத்தோலில் முளைப்பது, விதைத்தோல் தாய்ச் செடியின் உடம்பு. எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் இந்த வருடப் பஞ்சு தாய் மாதிரியேதான் இருக்கும். கெடுவது அந்தக் கொட்டையை எடுத்து மறுபடி விதைத்தால். அதனால் சுவின் விதையைச் சொந்தக் காட்டில் எடுத்து வைத்து ஓட்டாதீர்கள். விதைக்காக என்றால் தனிமைப்படுத்திய இடம் வேண்டும்.

மாணவி சொன்ன சீன உதாரணம் எனக்கும் பிடித்தது. இழை எண்ணிக்கை என்பதை நாங்கள் அந்தக் காலத்தில் எண்ணவே இல்லை, ஜின்னிங் சதவீதத்தோடு நின்றுவிட்டோம். எண்ணிக்கைக்கு மார்க்கர் கிடைத்தால் என் சீப்பைத் தாராளமாகத் தூக்கிப் போடலாம்.

தம்பி, இதிலிருந்தே உங்கள் டி.சி.எச். 32 பிரச்சினைக்கும் ஒரு தடயம் இருக்கிறது. உண்மையான ஹைபிரிட் விதை போட்ட காட்டில் எல்லாச் செடியும் மரபில் ஒன்று, பஞ்சு வம்சத்தால் மாறக் காரணமே இல்லை. அப்படியும் ஒரே லாட்டுக்குள் நீளம் குதிக்கிறது என்றால், ஹைபிரிட் காட்டுக் கொட்டையையே விதை என்று யாரோ விற்றிருக்கலாம். இரண்டாம் தலைமுறைச் சிதறலாக இருக்கும் அது. நீளம் ஒரே மாதிரி இருந்து மைக்ரோனேர் மட்டும் விழுந்தால் ஜீனைக் குற்றம் சொல்லாதீர்கள். கடைசிப் பறிப்பாக இருக்கும். தத்துப்பூச்சி இலையைக் கருக்கி, மேல் காய்களுக்குச் சாப்பாடு போகாமல், சுவர் தடிக்கும் முன்னே வெடித்த காய். டி.சி.எச். 32 தத்துப்பூச்சிக்கு ரொம்பவே இளக்கம். உங்கள் 34க்கு 2.8 எனக்கு அப்படித்தான் படுகிறது.

வாங்குகிற இடத்தில் சொல்லிவையுங்கள்: முதல் இரண்டு பறிப்பு ஒரு மூட்டை, அதற்கு மேல் வந்தது வேறு மூட்டை, சேர்த்து ஜின் பண்ணக் கூடாது. ஜின்னுக்குப் போகும் முன் ஒவ்வொன்றிலும் கொட்டையோடு ஒரு கைப்பிடி எடுத்து உங்கள் லேபில் பாருங்கள். முதிர்ச்சி குறைந்ததை 60 கவுண்டுக்கோ வேறு கலவைக்கோ ஒதுக்கிவிடலாம், சாயப் பார்ட்டியிடம் திட்டு வாங்க வேண்டாம்.

மச்சான் விஷயத்தில், உங்கள் மில்லே எழுத்தில் ஒப்பந்தம் போடத் தயாரா? நீளத்துக்கும் மைக்ரோனேருக்கும் தனித்தனி விலை எழுதி, விலை இறங்கினாலும் எடுத்துக்கொள்வோம் என்று கையெழுத்து வைத்தால் ஒரு ஏக்கரில் போட்டுப் பார்க்கட்டும். ஆகஸ்டில் விதைத்துவிட வேண்டும், செப்டம்பர் பாதி தாண்டினால் வேண்டாம். ஒப்பந்தம் இல்லையென்றால் மக்காச்சோளமே போடச் சொல்லுங்கள்.

நூற்பாலை_ராஜபாளையம்

லாட் ஷீட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. பறிப்பு எண் எழுதும் கட்டமே அதில் இல்லை. திங்கட்கிழமை பர்ச்சேஸ் மேனேஜரிடம் பேசிவிட்டு, ஒப்பந்த விஷயத்தையும் கேட்டு எழுதுகிறேன்.